பழைய முகத்தைத் திருப்பித் தரக் கோருதல் தொடர்பாக

அனுப்புநர்: மாடி வீட்டுப் பெண், வயது 22, பருக்களோடு ஒன்பது ஆண்டுச் சகவாசம், பாளையங்கோட்டை.

பெறுநர்: தெருமுனை மெடிக்கல் ஷாப் கல்லாவில் வீற்றிருக்கும் தோல் நோய்த் துறைத் தலைவர் அவர்கள்.

மதிப்பிற்குரிய அண்ணாச்சி,

என்னை உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. காய்ச்சல் மாத்திரை வாங்க வந்தாலும் என் கன்னத்தைப் பார்த்து ஒரு "ச்சு" கொட்டிவிட்டுத்தானே சில்லறை கொடுப்பீர்கள்.

உங்களிடம் வந்து சேருமுன் நான் பார்க்காத நிபுணர் இல்லை. முதல் சிகிச்சை ஆச்சியுடையது. "எல்லாம் உடம்புச் சூடு" என்று செவ்வாயும் வெள்ளியும் தலை நிறையத் தேங்காய் எண்ணெய் வைத்தாள். அது வழிந்து நெற்றிக்கு வந்தது. நெற்றியில் புதுப் பயிர் முளைத்தது. கையிலிருந்த சாக்லேட்டைப் பிடுங்கிக்கொண்டு, சூடு தணிய மூன்று கரண்டி சர்க்கரை போட்ட பாலைக் கொடுத்தாள். சாக்லேட் வழக்கு பழைய வழக்கு, அண்ணாச்சி. 1969இலேயே அமெரிக்காவில் 65 பேருக்குக் கொடுத்துப் பார்த்து, குற்றமற்றது என்று விடுவித்துவிட்டார்கள். ஒப்பிட்டுப் பார்க்கக் கொடுத்த சாக்லேட் இல்லாத மிட்டாயிலும் சர்க்கரையும் கொழுப்பும் குறைவில்லாமல் இருந்ததைப் பிறகுதான் கவனித்தார்கள். இன்றைக்குச் சந்தேகப் பட்டியலில் இருப்பவை சர்க்கரையைச் சட்டென்று ஏற்றும் தீனிகளும் பாலும். ஆச்சி குற்றவாளியை விட்டுவிட்டுச் சாட்சியைப் பிடித்திருக்கிறாள்.

அத்தை "ரத்தம் கெட்டுப்போச்சு" என்று வேப்பங்கொழுந்தை அரைத்து விழுங்க வைத்தாள். பக்கத்து வீட்டு அக்கா சொன்னாளென்று பற்பசையைப் பருவின் மேல் பொட்டாக வைத்துத் தூங்கினேன். காலையில் பரு புதினா வாசத்தோடு அப்படியே இருந்தது. சுற்றியிருந்த தோல்தான் உரிந்திருந்தது. எலுமிச்சைச் சாறு பற்றி எழுதினால் இன்றும் எரிகிறது. மாமா மட்டும் ஒரே வரியில் தீர்ப்புச் சொன்னார்: "மூஞ்சியைக் கழுவுறதே இல்ல போல." ஒரு நாளைக்கு எட்டுத் தடவை சோப்புப் போட்டுத் தேய்த்தேன். மூக்கிலிருந்த கரும்புள்ளிகள் அசையவில்லை. அவற்றின் கருப்பு அழுக்கே இல்லையாம். துளையை அடைத்திருப்பது காற்றுப் பட்டுக் கருத்துப்போகிறதாம். அழுக்காக இல்லாததை எப்படிக் கழுவுவது?

பெண் பார்க்க வந்தவர்கள் "பரு கொஞ்சம் ஜாஸ்தி" என்று போனார்கள். "கல்யாணம் ஆனா தானா போயிடும்" என்றாள் அத்தை. பரு போகக் கல்யாணம் ஆக வேண்டும், கல்யாணம் ஆகப் பரு போக வேண்டும். இந்த முடிச்சோடுதான் உங்கள் கடை வாசலில் நின்றேன்.

நீங்கள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கண்ணாடி அலமாரியின் கீழ்த்தட்டிலிருந்து ஒரு டியூபை எடுத்து மேஜையில் வைத்தீர்கள். "டாக்டர்ட்ட போனா ஐந்நூறு ரூவா பீஸ் கேப்பாரு பாப்பா. இத மூணு நாள் போட்டுப் பாரு. பருவும் போவும், கலரும் வரும்."

பொய் சொல்லவில்லை, மூன்றாம் நாள் முகம் பளிங்குதான். அத்தை பழைய ஜாதகத்தைத் தூசு தட்டினாள். நான் நான்கு மாதம் போட்டேன். ஒரு தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது டியூபை மறந்துவிட்டேன். நாலே நாளில் கன்னம் முழுக்கச் செக்கச்செவேல். ஒரே அச்சில் வார்த்தது போலப் பொடிப் பொடியாகப் பருக்கள். வெயிலில் நின்றால் மிளகாய்ப்பொடி அப்பியது போல எரிச்சல். மேலுதட்டில் மீசை வேறு. கலர் கேட்டேன் அண்ணாச்சி, மீசை கேட்கவில்லை.

பெரியாஸ்பத்திரி தோல் பிரிவில் டாக்டரம்மா டியூபைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உள்ளே மூன்று மருந்து: ஹைட்ரோகுயினோன், டிரெட்டினாயின், மொமெட்டசோன் என்ற ஸ்டீராய்டு. மங்குக்கு, டாக்டர் பார்த்துக் கொடுத்து, சில வாரம் மட்டும் போட வேண்டியது. ஸ்டீராய்டு பருவைப் போக்காதாம், சிவப்பை அமுக்கி வைக்குமாம். நிறுத்தினால் வட்டியோடு திரும்புமாம். ஸ்டீராய்டு கெடுத்த முகம் என்று இதற்கு மருத்துவத்தில் பெயரே வைத்திருக்கிறார்களென்றால், உங்களைப் போன்ற துறைத் தலைவர்கள் நாட்டில் எத்தனை பேர் இருக்க வேண்டும்! 2018இல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளை டாக்டர் சீட்டில்லாமல் விற்கக் கூடாத ஷெட்யூல் எச் பட்டியலில் சேர்த்தது. அந்தச் செய்தி வந்த பேப்பரில்தான் நீங்கள் மாத்திரை மடித்துக் கொடுத்திருப்பீர்கள்.

பரு எப்படி வருகிறதென்று டாக்டரம்மா இரண்டே நிமிடத்தில் சொல்லிவிட்டார். வயசுக்கு வரும்போது ஹார்மோன் ஏறித் தோலின் எண்ணெய்ச் சுரப்பி அதிகம் சுரக்கிறது. உதிர்ந்த செல்கள் மயிர்த்துளையை அடைக்கின்றன. எல்லார் தோலிலும் இருக்கும் பாக்டீரியா உள்ளே பெருக, அந்த இடம் வீங்கிச் சிவக்கிறது. ஆச்சியின் சூட்டுக்கும் அத்தையின் ரத்தத்துக்கும் இதில் இடமே இல்லை.

எரிச்சல் அடங்கவே மாதங்கள் ஆயின. அப்புறம்தான் அடாபலீனும் பென்சாயில் பெராக்சைடும் கலந்த ஜெல். ராத்திரியில், பட்டாணி அளவு, பருவில் மட்டுமல்ல, முகம் முழுக்க. பலன் தெரிய எட்டு முதல் பன்னிரண்டு வாரம். உங்கள் மூன்று நாளோடு எந்த டாக்டர் போட்டி போட முடியும்?

இப்போது ஒன்பதாவது வாரம். பரு குறைகிறது. அந்த ஜெல் பட்டால் சாயத் துணி வெளுக்கும். ஆச்சியின் நீலத் தலையணை உறையில் திட்டுத் திட்டாக வெள்ளை. அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஆச்சி கேட்டாள்: "ஏட்டி, துணியவே வெளுக்குது, ஒன் மூஞ்சிய வெளுக்க மாட்டேங்குதே?"

ஆகவே, என் பழைய முகத்தை, பருக்கள் உட்பட, திருப்பித் தருமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். கையிருப்பில் இல்லையென்றால் ஒன்று செய்யுங்கள். நாளைக்கு ஒரு பதிமூன்று வயதுப் பிள்ளை கன்னத்தை மறைத்துக்கொண்டு வந்து நின்றால், "சில்லறை இருக்கா" என்று கேட்கும் அதே குரலில் "சீட்டு இருக்கா" என்று கேளுங்கள்.

இப்படிக்கு,
மாடி வீட்டுப் பெண்

இணைப்பு: காலி டியூப் 1. தலையணை உறை 1 (பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பவும், ஆச்சி தேடுகிறாள்).