பாலில் கை வைக்காதீர்கள்!

கேள்வி: கணவருக்கு வேலை போய், பாதிச் சம்பளத்தில் வேறு வேலை கிடைத்திருக்கிறது. பிள்ளைகள் இரண்டு. எந்தச் செலவைக் குறைப்பது?
- ஒரு வாசகி, திருச்சி

பதில்: எதைக் குறைக்கக் கூடாது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பிள்ளைகளின் பால், முட்டை. எல்லோரும் அங்கேதான் கை வைக்கிறார்கள். பிறகு மருந்துக்கடையில் மொத்தமாகக் கட்டுகிறார்கள்.

ரேஷன் கடையோடு மறுபடி உறவாடுங்கள். துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25. வரிசையில் தெரிந்தவர் நின்றால், சங்கடப்படாமல் அவருக்குப் பின்னால் நில்லுங்கள்.

அடுத்தது கரன்ட். இரண்டு மாதக் கணக்கில் 500 யூனிட்டைத் தாண்டினால், 101 முதல் 200 வரையிலான யூனிட்டுக்கு உள்ள சலுகை விலையும் போய்விடும். மீட்டர் பெட்டிக்குப் பக்கத்துச் சுவரில் பென்சில் கட்டித் தொங்கவிடுங்கள். ஞாயிறுதோறும் பெரியவன் ரீடிங் எழுதட்டும். நாலாவது வாரம் ஃபேனை அவனே ஓடிப்போய் நிறுத்துவான்.

கிரெடிட் கார்டை மட்டும் அரிசிப் பானையின் அடியில் போட்டுவிடுங்கள். அரிசி தீரும்போதுதான் கண்ணில் பட வேண்டும். அன்றைக்கும் தேய்க்காதீர்கள், கடைக்கார அண்ணாச்சியிடம் ஒரு வாரம் தவணை கேளுங்கள். அவர் வட்டி போடமாட்டார்.

இன்னொன்று, கணவர் சாப்பிடும்போது கணக்கு பேசாதீர்கள்.