தாமதத்துக்கு என்ன ரேட்?

கேள்வி: மும்பை மாதுங்காவில் குழந்தைக் காப்பகம் நடத்துகிறேன். பிள்ளையை அழைக்கத் தாமதமாக வரும் பெற்றோருக்கு அபராதம் போடலாமா?

பதில்: போடுங்கள், இன்னும் நிதானமாக வருவார்கள்! இஸ்ரேலின் ஹைஃபா நகரக் காப்பகங்களில் 10 நிமிடத்துக்கு மேல் தாமதித்தால் 10 ஷெக்கேல் என்றதும், தாமதம் ஏறக்குறைய இரட்டிப்பானது. அபராதத்தை நீக்கியும் இறங்கவில்லை என்று நீஸி, ருஸ்டிகினி என்ற பொருளியலாளர்கள் 2000இல் எழுதினார்கள். ஆயாவின் முகத்தைப் பார்க்கக் கூசியவர்கள், காசு கொடுத்ததும் வாடிக்கையாளர் ஆகிவிட்டார்கள். தொகை சொற்பம், அதனால்தான் என்பீர்கள். வாஸ்தவம், பெரிய தொகை பயமுறுத்தும். ஆனால் ஹார்பர் லைனில் ரயில் நின்றுபோன செம்பூர் அம்மாவையும் அது தண்டிக்குமே? 2005 ஜூலை 26 வெள்ளத்தன்று யாரிடம் வசூலித்திருப்பீர்கள்? கூடுதல் நேரத்தைக் கட்டணத்துக்கே விற்று, அந்தப் பணத்தை ஆயாவுக்குக் கொடுங்கள். அழைத்துப்போக இன்னொருவர் பெயரையும் சேர்க்கையின்போதே கேளுங்கள். அப்பா என்றொருவர் இருப்பது அப்போதாவது தெரியவரும்.