தாத்தா தோப்பின் பழ மரங்கள்

மேற்கு செர்பியாவின் அரில்யேயைச் சுற்றியுள்ள மலைச்சரிவுகளில் இன்று கண்ணுக்கு எட்டிய தூரமெல்லாம் ராஸ்பெர்ரிதான். கம்பமும் கம்பியுமாக வரிசை பிடித்து நிற்கிறது. பறிக்கும் பருவத்தில் ஆள் கிடைக்காமல் ஊரே அல்லாடும். பறித்த பழம் அன்றைக்கே குளிர்பதனக் கிடங்குக்குப் போய், உறைந்த நிலையில் மேற்கு ஐரோப்பாவுக்கு லாரி ஏறும். அந்தக் காசில்தான் எங்கள் ஊரில் மாடிவீடுகள் எழும்பின. நானும் அந்தக் காசில் படித்தவள்தான். அதனால் ராஸ்பெர்ரியைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் அதே சரிவில் முன்பு என்ன நின்றது என்று பிள்ளைகளுக்குச் சொல்ல ஆள் குறைந்துகொண்டே வருகிறது.

தாத்தாவின் தோப்பில் ஒரு மரம் காய்த்து ஓயும்போது இன்னொன்று தொடங்கும். ஜூன் 28 விதோவ்தன் திருநாளையொட்டி விதோவாச்சா பேரிக்காய் பழுக்கும். சின்னஞ்சிறு காய், சில நாளிலேயே மாவாகிவிடும் என்பதால் மரத்தடியிலேயே தின்று தீர்ப்போம். பார்லி அறுவடையின்போது யெச்மென்கா பேரிக்காய். ஜூலை 12, புனித பேதுரு திருநாள் வாக்கில் பெத்ரோவாச்சா ஆப்பிள். செப்டம்பர் முழுக்க பிளம். அக்டோபரில் சீமை மாதுளை பறித்து அலமாரியின் உச்சியில் வைப்பார்கள். குளிர்காலம் முழுக்க எங்கள் கம்பளிச் சட்டைகளில் அந்த மணம்தான் வீசும். முஷ்முலாப் பழத்தை உறைபனி விழுந்த பிறகுதான் பறிப்பார்கள். வைக்கோலில் கிடந்து பழுப்பேறிக் குழைந்தால்தான் அதை வாயில் வைக்க முடியும்.

எல்லாவற்றுக்கும் கடைசியாகப் புதிம்கா ஆப்பிள். மேற்கு செர்பிய மலைக்காரர்களைக் கேட்டால் ஆப்பிள் என்றாலே அதுதான் என்பார்கள். பறித்த அன்று கடித்தால் பல் கூசும். பாட்டி அதை நிலவறையில் வைக்கோல் பரப்பி, ஒன்றோடொன்று உரசாமல் அடுக்குவாள். வெளியே பனி இடுப்புவரை கிடக்கும்போது கதவைத் திறந்தால் மணம் முகத்தில் அடிக்கும். பச்சைத் தோல் மஞ்சளாகி, வெயில் பட்ட கன்னம் மட்டும் சிவந்திருக்கும். "நல்லதைத் தொடாதே கண்ணு, கறை விழுந்ததை முதல்ல எடு" என்பாள். அப்படி எடுத்துத்தான் வசந்தம்வரை எங்களுக்கு ஆப்பிள் இருந்தது. மின்சாரக் குளிர்பதனம் எதுவும் கிடையாது. அந்த ரகத்தின் உடம்புவாகே அப்படி.

பிளம் கதை வேறு. எங்கள் பொஷேகாச்சா பிளம் எல்லாவற்றுக்கும் ஆகும். பச்சையாகத் தின்னலாம், புகையில் உலர்த்தலாம், செப்பு அண்டாவில் சர்க்கரையே சேர்க்காமல் கிண்டிப் பெக்மெஸ் ஆக்கலாம், மிச்சத்தை வடித்து ஷ்லிவோவிட்ஸா என்னும் பிளம் சாராயம் ஆக்கலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் செர்பியா வெளிநாட்டுக்கு விற்ற பெரிய சரக்குகளில் உலர்ந்த பிளமும் ஒன்று. அதன் மேல்தான் ஷார்கா விழுந்தது. முதல் உலகப் போர்க் காலத்தில் பல்கேரியாவில் முதலில் கண்ட வைரஸ் நோய் அது. இலையில் வெளிறிய வளையம் தெரியும். காயில் பள்ளம் விழும். பிளந்தால் கொட்டையருகே சதை செம்பழுப்பாகப் பிசின் பிடித்திருக்கும். பழுக்க இன்னும் சில வாரம் இருக்கும்போதே மரத்தடியெல்லாம் நீலமாக உதிர்ந்து கிடக்கும். மருந்து கிடையாது. மரத்தை வேரோடு பிடுங்குவது ஒன்றே வழி. அசுவினிப் பூச்சி பரப்பியது பாதி. மீதியைப் பரப்பியது நல்ல மனசுக்காரர்களின் கை. உறவுக்காரருக்கும் அண்டை வீட்டாருக்கும் அன்போடு கொடுத்தனுப்பிய ஒட்டுக்குச்சியோடு நோயும் சேர்ந்து போயிற்று.

அந்த நேரத்தில் கைகொடுத்தது சாச்சாக் நகரில் 1946-இல் தொடங்கிய பழ ஆராய்ச்சி நிறுவனம். அமெரிக்காவின் ஸ்டான்லி என்ற பிளம் ரகத்தோடு பொஷேகாச்சாவைக் கலந்து சாச்சான்ஸ்கா ரோத்னா, வாங்கன்ஹைம் ரகத்தோடு கலந்து சாச்சான்ஸ்கா லெபோதிட்ஸா என்று புதிய ரகங்களை உருவாக்கினார்கள். இன்று செர்பியா உலகின் முன்னணிப் பிளம் நாடுகளில் ஒன்றாக நிற்கிறதென்றால் இந்த உழைப்புக்கு அதில் பெரும் பங்கு உண்டு. பொஷேகாச்சாவின் ரத்தமும் அவற்றில் ஓடுகிறது. பெக்மெஸ் மட்டும் பழைய மாதிரி வரவில்லை என்பது என் நாக்கின் தீர்ப்பு.

ஆனால் ஆப்பிளையும் பேரியையும் எந்த ஷார்காவும் தொடவில்லை. அவற்றைச் சந்தைக்காக நாங்களே வெட்டினோம். புதிம்கா மரம் காய்க்கப் பல ஆண்டு எடுக்கும். ஓராண்டு கொட்டும், மறு ஆண்டு ஓயும். ஏணி போட்டுத்தான் பறிக்க வேண்டும். குட்டை வேர்க்கன்றில் ஒட்டிய ஐடாரெட்டும் கோல்டன் டெலிஷியஸும் இரண்டு மூன்று ஆண்டில் கைக்கெட்டும் உயரத்தில் காய்த்தன. ஆனால் அவற்றுக்கு மாறாமல் மருந்தடிக்க வேண்டும். இருபது ஆண்டு ஆனால் பிடுங்கி மறுநடவு செய்ய வேண்டும். தாத்தாவின் மரத்துக்கு யாரும் மருந்தடித்ததே இல்லை. அவர் பிறக்கும் முன்பே நின்ற மரம் அவர் போன பிறகும் நின்றது.

2022-இல் ஷ்லிவோவிட்ஸா காய்ச்சும் மரபு யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் ஏறியது. எனக்குப் பெருமைதான். ஒரு காலத்தில் எங்கள் வீட்டில் விழுந்த பழத்தைப் பன்றிக்குக் கொட்டிய ட்ஸ்ர்வெனா ராங்கா என்ற பழைய பிளம்மின் பெயர் இன்று விலையுயர்ந்த புட்டிகளின் மேல் தங்க எழுத்தில் இருக்கிறது. நகரத்திலிருந்து கார் போட்டு வந்து, "பழைய பேரி மரம் இருக்கிறதா, ஒரு குச்சி கிடைக்குமா?" என்று இளைஞர்கள் வீடு வீடாகக் கேட்கிறார்கள். பல வீடுகளில் மரமும் இல்லை, பெயர் தெரிந்தவரும் இல்லை.

எங்கள் பக்கம் கைவிட்ட வீட்டு முற்றங்களிலும் வேலியோரங்களிலும் இன்னும் சில மரங்கள் நிற்கின்றன. பெயர் தெரிந்த கிழவர் ஒருவர் இருக்கும்போதே அவரைக் கூட்டிப்போய்க் காட்டிக் கேளுங்கள். பிளம் என்றால் சோதித்துச் சான்றளித்த நாற்றங்காலில் மட்டும் கன்று வாங்குங்கள். ஆப்பிள், பேரி என்றால் நோயில்லாத மரமாகப் பார்த்து, மொட்டு விழிக்குமுன் ஜனவரியிலேயே பென்சில் பருமனான ஓராண்டுக் குச்சியை வெட்டி, பெயர் எழுதிக் கட்டி, நிலவறையில் ஈரமணலில் புதைத்து வையுங்கள். ஏப்ரலில் ஒட்டுக் கட்டலாம்.