லேஅவுட் போட்ட தேசம்

பெங்களூரில் சைட் பார்க்க அலைந்தவர்களுக்குக் கைலாசா புதிதே அல்ல. முதலில் பொட்டல்காட்டில் ஒரு வளைவு எழும்பும். வளைவுக்கு ஒரு பெயர் வரும். பிறகு வழவழ தாளில் பிரோஷர்: கிளப் ஹவுஸ், நீச்சல் குளம், தியான மண்டபம், காலையில் ஓடும் வெள்ளைக்காரத் தம்பதி. நிலம் கடைசியாக வரும். சில சமயம் வராமலும் போகும். 2019 கடைசியில், வழக்குகளை இங்கே விட்டுவிட்டு வெளியேறிய சாமியார் நித்யானந்தா கைலாசா என்று தனி நாடு அறிவித்தபோது, உலகம் வாயைப் பிளந்தது. மைசூர் ரோட்டுக்காரர்களான எங்களுக்கோ, "அட, நம்ம லேஅவுட் டெக்னிக்" என்றுதான் பட்டது.

அந்த ரோட்டின் ராசி அப்படி. திருவண்ணாமலையில் பிறந்தவர் ஆசிரமம் அமைத்தது பிடதியில்; பெங்களூரிலிருந்து 30 கிலோமீட்டர் சொச்சம். சாதாரண ஜனங்களுக்குப் பிடதி என்றால் தட்டே இட்லிதான். ஒரு தட்டு முழுக்க ஒரே இட்லி, உச்சியில் உருகி வழியும் வெண்ணெய். ஆனால் சுற்றுவட்டாரத்தைப் பாருங்கள். இந்தப் பக்கம் வொண்டர்லா. இன்னும் கொஞ்சம் போனால் ராமநகரப் பாறைகள். 1975-இல் வந்த 'ஷோலே'யின் ராம்கட் கிராமத்தை அங்கேதான் செட் போட்டு நிறுத்தினார்கள். 2025-இல் ராமநகர மாவட்டத்தின் பெயரையே 'பெங்களூரு தெற்கு' என்று மாற்றிவிட்டார்கள். ஒரு கல்லைக்கூட நகர்த்தாமல் ஊரை நகர்த்தும் வித்தை அரசாங்கத்துக்கே தெரிந்திருக்கிறது. சாமியாரை மட்டும் குறை சொல்வானேன்?

கைலாசா பிரோஷருக்கு வருவோம். கொடி ரிஷபக் கொடி. தேசிய விலங்கு நந்தி. மலர் தாமரை, மரம் ஆலமரம். தேசியப் பறவை சரபம். கும்பகோணம் பக்கம் திருபுவனத்தில் சரபேஸ்வரரைக் கும்பிட்டவர்களுக்குத் தெரியும்: பாதி சிங்கம், பாதி பறவை, நரசிம்மரையே அடக்கிய உருவம். மற்ற நாடுகள் மயில், கழுகு என்று காட்டில் கிடைப்பதை வைத்து ஒப்பேற்றும்போது, பறவையையும் சொந்தமாக இறக்கிய பெருமை கைலாசாவுக்குத்தான். ஆட்சி மொழிகளில் தமிழும் உண்டு. குடிமக்கள் எத்தனை பேர்? உலகத்து இந்துக்கள் அத்தனை பேரும், 200 கோடியாம். என்னையும் சேர்த்துத்தான் கணக்கு போல. ரேஷன் கார்டு இன்னும் வரவில்லை.

2020 பிள்ளையார் சதுர்த்தியன்று ரிசர்வ் பேங்க் திறந்து காசு வெளியிட்டார்கள். உடனே மதுரை ஓட்டல்காரர் ஒருவர், அங்கே ஒரு கிளை போடலாமா என்று கடிதம் எழுதினார். தாராளமாக வரலாம் என்று பதிலும் வந்தது. எல்லை தெரியாத நாட்டுக்குள் புரோட்டாக் கல்லை முதலில் இறக்கப் பார்த்தவன் தமிழன் என்று வரலாறு பேசட்டும். அந்த டிசம்பரில் விசாவும் அறிவித்தார்கள்: மூன்று நாள் தங்கலாம், சாப்பாடு இலவசம். ஆஸ்திரேலியா வரை சொந்தச் செலவு. அங்கிருந்து 'கருடா' விமானம் கூட்டிப்போகும். சைட் காட்டக் கூட்டிப்போகும் புரோக்கரும் நம்மைக் கெங்கேரி வரை பஸ்ஸில்தான் வரச் சொல்கிறார்.

ஒரு நாடு என்றால் மக்கள், நிலப்பரப்பு, அரசு, பிற நாடுகளோடு உறவாடும் தகுதி நான்கும் வேண்டும் என்று 1933-இல் மான்டிவிடியோவில் ஒப்பந்தம் போட்டார்கள். இதில் நிலம்தான் உதைத்தது. நித்யானந்தா தீவு வாங்க நாங்கள் உதவவே இல்லை என்று ஈக்வடார் கையை விரித்தது. 2023 ஜனவரியில் அமெரிக்காவின் நியூவர்க் நகரம் கைலாசாவோடு சகோதர நகர ஒப்பந்தமே போட்டது. யாரோ விசாரித்திருக்க வேண்டும், ஒரு வாரத்துக்குள் ரத்து. அடுத்த மாதம் ஜெனிவாவில் ஐ.நா. குழுவின் பொதுக் கூட்டத்தில் கைலாசாக்காரர்கள் பேசினார்கள். பேச்சைக் கணக்கில் எடுக்க மாட்டோம் என்றது ஐ.நா. ஆண்டுக் கடைசியில் பராகுவே விவசாய அமைச்சக அதிகாரி ஒருவர் கைலாசாவோடு உடன்படிக்கையில் கையெழுத்திட்டு வேலையை இழந்தார். பாவம், வில்லங்கச் சான்றிதழ் போட்டுப் பார்க்காமல் கையெழுத்து வைத்த முதல் ஆள் அவரா என்ன?

உச்சம் பொலிவியா. அமேசான் பழங்குடியினரிடம் 1,000 வருஷக் குத்தகைக்கு நிலம். பதினொரு மாத அக்ரிமென்ட்டைப் புதுப்பிப்பதற்குள் ஓனரிடம் நாக்குத் தள்ளும் ஊரில் உட்கார்ந்து இதைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கியது. பொலிவியா அரசு ஒப்பந்தம் செல்லாது என்று சொல்லி, 2025-இல் இருபது பேரை நாடு கடத்தியது. கைலாசாவுக்கு அல்ல, அவரவர் பாஸ்போர்ட்டில் இருந்த நாட்டுக்கு.

எங்கள் சித்தி திருவண்ணாமலைக்காரர். ஊர்ப்பாசம் விடவில்லை. "இலவச விசாவாம்டா, நாமளும் ஒரு எட்டு போயிட்டு வரலாமே" என்று போன வாரம் போனில் சொன்னார். கர்நாடகாவிலேயே பிறந்து வளர்ந்த என் மனைவி போனை வாங்கினாள்.

"போலாம் சித்தி. அங்க தண்ணி காவேரியா, போரா, டேங்கரான்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க."