சாவடி இல்லாத சாலை

எளாவூர் சோதனைச்சாவடியில் ஆந்திராவிலிருந்து வரும் லாரியை நிறுத்தித் தார்ப்பாயைத் தூக்கிப் பார்க்கிறார்கள். ‘வீட்டிலிருந்தே சம்பாதியுங்கள்’ மட்டும் சாவடிப் பக்கமே போகாமல், செல்போன் வழியாக நேரே படுக்கையறைக்கு வந்துவிடுகிறது.

ஆருத்ரா கோல்டு டிரேடிங் நினைவிருக்கும். மாதம் 25 முதல் 30 சதவீதம் தருவதாகச் சொன்னார்கள். ஏறக்குறைய 1 லட்சம் பேர் 2,438 கோடி ரூபாயைக் கொண்டுபோய்க் கொட்டினார்கள். மாதம் 30 சதவீதம் என்றால், 1 லட்சத்தைத் தொடாமல் விட்டால் ஓராண்டில் 23 லட்சம், ஈராண்டில் 5 கோடிக்கு மேல். இது நிஜமானால் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்பு உருக்கும் முதலாளி ஏன் கரன்ட் பில்லோடு மல்லுக்கட்டுகிறார்? உலையை அணைத்துவிட்டு முதல் ஆளாக வரிசையில் நின்றிருப்பாரே! நிற்பதென்னவோ அவரிடம் நைட் ஷிஃப்ட் பார்ப்பவர்தான்.

கோவை இன்னும் விசேஷம். விளம்பரம் பார்த்தால் பணம் என்ற மைவி3 ஆட்ஸ் மீது வழக்குப் பதிவானதும், 2024 ஜனவரியில் ஆயிரக்கணக்கானோர் திரண்டார்கள். பணத்தைத் திருப்பிக் கேட்க அல்ல, நிறுவனத்துக்கு ஆதரவாக!

“கவர்ன்மென்ட்ல ரிஜிஸ்டர் ஆன கம்பெனி மாமா” என்று சான்றிதழை நீட்டுகிறார் மாப்பிள்ளை. அது கம்பெனியின் பிறப்புச் சான்றிதழ். ஊரார் பணத்தை டெபாசிட்டாக வாங்க அனுமதி வேறு. ரிசர்வ் வங்கியின் ‘சசேத்’ தளத்தில் அதைப் பார்க்கலாமே என்றால், “உங்களுக்கு எப்பவுமே நெகட்டிவ் மைண்ட்” என்று கோபம். நாம் சேர்ந்தால் அவருக்குக் கமிஷன் என்பதை மட்டும் கடைசிவரை சொல்லவில்லை.