பைலட் சேர்

எனக்குத் தெரிந்து கட்டுகஸ்தோட்டையில் விமானம் ஓட்டத் தெரிந்தவர் யாரும் இல்லை. ஆனாலும் "பைலட் வீடு" என்று சொன்னால் த்ரீவீல்காரர் வழி கேட்காமலே கொண்டுபோய் விடுவார். அங்கே இருப்பவர் கணக்குப் படிப்பித்து ஓய்வு பெற்ற ஆசிரியர். வாழ்நாளில் விமானம் ஏறியது ஒரே தடவை, திருச்சிக்கு. அப்போதும் ஜன்னலோர சீட்டை மனைவி பிடித்துக்கொண்டார். பட்டம் வந்தது மணிக்கூட்டால்.

இந்த இனத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். கை கொடுக்கும்போது நம் முகத்தைப் பார்க்க மாட்டார்கள், மணிக்கட்டைப் பார்ப்பார்கள். "சீகோ ஃபைவா? அப்பா மிடில் ஈஸ்ட்ல இருந்தாரோ?" என்று குலம் கோத்திரம் வரை போய்விடுவார்கள். மணி என்ன என்று மட்டும் கேட்டுவிடக் கூடாது. பாலத்தடியில் சேரிடம் மணி கேட்டவர் குட்ஷெட் பஸ்ஸைத் தவறவிட்டு, 12 மணி இடத்தில் ஏன் ஒரு முக்கோணமும் இரண்டு புள்ளிகளும் இருக்கின்றன என்பதைத் தெரிந்துகொண்டுதான் வீடு போவார். (இருட்டில் எது மேல்பக்கம் என்று விமானிக்குத் தெரிவதற்காக. பஸ் போனால் போகட்டும், இது தெரிந்திருப்பது நல்லது.)

சேரின் கனவு முதலில் மார்க் 11. சுவிட்சர்லாந்தின் ஐ.டபிள்யூ.சி. கம்பெனி பிரித்தானிய விமானப்படைக்காகச் செய்தது. கறுப்பு முகம், வெள்ளை எண்கள், காந்தம் தாக்காமல் உள்ளே தேனிரும்புக் கவசம். அதைத் தேடி சேர் கண்டியில் ஏறி இறங்காத அடகுக்கடை இல்லை. அடகுக்கடையில் எப்படிக் கிடைக்கும் என்று கேட்டேன். கரும்பலகை இல்லாத குறை ஒன்றுதான்: "மார்க் 11 படைக்குப் போனது 1949ல. வெள்ளக்காரன் கட்டுநாயக்கா தளத்த விட்டுட்டுப் போனது 1957ல. நடுவில எட்டு வருசம். அந்த எட்டு வருசத்தில கண்டிக்குச் சுற்றுலா வந்தவன் ஒருத்தனாவது சூதாட்டத்தில தோத்து மணிக்கூட்ட அடகு வச்சிருக்க மாட்டானா?" கணக்கில் பிழை இல்லை. அடகுக்கடைக்காரர்களுக்குத்தான் கணக்குத் தெரியவில்லை.

அந்தக் காலத்தில் சேரின் கொள்கை கல்லில் வெட்டியது: அசல் மட்டும். பழைய மாதிரியில் புதிதாகச் செய்து விற்கும் மணிக்கூடுகளைப் "பொய் மீசை" என்பார். பெங்களூரில் சிட்டிசனின் துணையோடு தொடங்கிய எச்.எம்.டி.யின் 'பைலட்' ஒன்றை யாரோ சென்னையிலிருந்து கொண்டுவந்து கொடுத்தார்கள். லென்ஸ் வைத்துப் பார்த்தால் எழுத்து லேசாகக் கோணல். முகம் மும்பையில் மறுபடி வர்ணம் பூசியது. சேர் மூன்று நாள் யாரோடும் கதைக்கவில்லை.

ஆனால் சேகரிப்பாளரின் கொள்கைக்கும் அவருடைய பேங்க் புத்தகத்துக்கும் நடுவே ஒரு கண்ணுக்குத் தெரியாத கயிறு ஓடுகிறது. 2022 மார்ச்சில் 200 ரூபாய்ச் சொச்சத்தில் இருந்த டொலர் மே மாதம் 360ஐத் தொட்டது. சேரின் மணிக்கூட்டு உண்டியல், ஒரு சதமும் எடுக்காமலே பாதிக்குப் பக்கமாகக் கரைந்தது. பதின்மூன்று மணி நேரம் கரண்ட் இல்லாத அந்த நாட்களில் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் அவருக்கு ஞானம் பிறந்தது. பழைய மணிக்கூடுகளின் முள்ளில் பூசியது ரேடியம். அது கதிர் வீசும். வீட்டில் பேரப் பிள்ளைகள் வேறு. ஆக, புதிதாகச் செய்த பழைய மாதிரிதான் குடும்பஸ்தனுக்கு ஏற்றது! பொய் மீசை அன்றோடு "மரபின் தொடர்ச்சி" ஆனது.

அடுத்த ஆசை ஜெர்மனிக்குப் போனது. உலகப் போரில் ஜெர்மன் விமானப்படைக்கு வழிகாட்டி மணிக்கூடு செய்த ஐந்து கம்பெனிகளில் லாகோவும் ஒன்று. அசல் 55 மில்லிமீட்டர் அகலம்; கட்டினால் கையில் பருப்பு வடையைக் கட்டியது மாதிரி இருக்கும். கட்டியவர்களும் பெரும்பாலும் விமானிகள் இல்லை, பக்கத்தில் இருந்து திசைக் கணக்குப் பார்த்தவர்கள். இதைத் தெரிந்த அன்று சேர் பூரித்துப்போனார். கணக்கு வாத்தியார் மணிக்கூடு!

லாகோ அதை இப்போதும் சின்ன அளவில் செய்கிறது. அதில் ஒரு வகை இருக்கிறது. பெட்டியிலிருந்து எடுக்கும்போதே பழசு. உடம்பெல்லாம் கீறல், எண்கள் மஞ்சள் பூத்து, தோல் பட்டி வெளுத்து, எல்லாம் தொழிற்சாலையிலேயே கைவேலையாகச் செய்து அனுப்புகிறார்கள். பளபளப்பான புதியதைவிட இதற்கு விலை கூட. மும்பைக்காரன் பழசைப் புதுசாக்கியதற்கு மூன்று நாள் மௌனம் காத்தவர், ஜெர்மன்காரன் புதுசைப் பழசாக்கியதற்கு வருசக்கணக்கில் காசு சேர்த்தார்.

ஜெர்மனியிலிருந்து மச்சான் கையிலேயே கட்டிக்கொண்டு வந்தார். அதைப் பார்க்க நாலைந்து பேர் போயிருந்தோம். சேர் குளித்து, விபூதி பூசி, வெள்ளைச் சட்டையில் இருந்தார். பெரிய வெங்காயம் போன்ற திருகை இழுத்தார். செக்கன் முள் சட்டென்று நின்றது. ரேடியோ செய்தியின் முதல் மணிக்குக் காத்திருந்து உள்ளே அழுத்தினார். முள் புறப்பட்டது. எவனும் மூச்சுவிடவில்லை. பிளேன்டீ கொண்டுவந்த சேரின் மனைவி எட்டிப் பார்த்தார்.

"என்னங்க இது, தம்பிய நல்லா ஏமாத்திட்டானுங்க. யாரோ பாவிச்ச சாமான். ரிசீட் இருக்கா?"

சேர் பதில் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் விலை வெளியே வந்திருக்கும்.

சீட்டு, குதிரை, தேர்தல் என்று வீட்டை அழித்தவர்களைப் பார்த்த எனக்கு இந்தப் பைத்தியத்தின்மேல் மரியாதைதான்.

பட்டி ஒரு துளை அளவு நீளமாக இருந்தது. சந்தியில் பெட்டிக்கடை வைத்திருக்கும் வாட்ச் நானாவிடம் போனார். நானா கண்ணில் லென்ஸைச் செருகிப் பின்மூடியைத் திறந்தார். வெகுநேரம் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"மெசின் அப்படியே புதுசு மாதிரி இருக்கு சேர். பொடிதான் நாசம். ஒரு மணித்தியாலம் இருங்க. நல்லா பொலிஷ் புடிச்சு, நம்பருக்கு வெள்ள அடிச்சுத் தாறேன். உங்களுக்கு 1500 தந்தா போதும்."

துளையும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம் என்று சேர் மணிக்கூட்டைப் பறித்துக்கொண்டு வந்துவிட்டார். இப்போது அது கையை உயர்த்தினால் முழங்கைப் பக்கமும், தாழ்த்தினால் விரல் பக்கமும் ஓடுகிறது. கேட்டால் விளக்கம் தயார்: பட்டி நீளமாக இருப்பதே விமானிகள் ஜாக்கெட்டுக்கு மேலே கட்டுவதற்குத்தானாம். நுவரெலியாவில் தோல் ஜாக்கெட் ஒன்று பார்த்து வைத்திருக்கிறார். பழசு. புதுசு என்றால் பாதி விலைக்கே கிடைக்குமாம்.