அதுக்கு முந்தினதுதாங்க வண்டி!

ஷோரூமில் இன்று கிடைக்கிற எந்தக் காரும் அவருக்குப் பிடிக்காது. உற்பத்தி நின்று, கடைசி வண்டியும் டெலிவரி ஆகி, ஷோரூம்காரர் போஸ்டரைக் கிழித்த பிறகுதான் அதன்மேல் அவருக்குக் காதல் பிறக்கும். கோயம்புத்தூரில் பேக்கரிக்கு ஒருவர் வீதம் இப்படி உண்டு. நம்மாள் அவிநாசி ரோட்டுக் கிளை. சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு கையில் டீ, மறு கையில் தேங்காய் பன், வாயில் டார்க், பவர், பிக்கப்.

வேகக் கார் என்றால் அவருக்கு உலகத்தில் ஒன்றுதான்: ஸ்கோடா ஆக்டேவியா ஆர்.எஸ். பார்வைக்குக் கல்யாணத்துக்குப் போகிற குடும்பக் கார். டிக்கியில் சீர்வரிசைத் தட்டெல்லாம் அடங்கும். ஆனால் ஆக்சிலரேட்டரை அழுத்தினால் பின்சீட்டு மாமியார் பேச்சை நிறுத்திவிடுவார். குடும்பஸ்தனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

2004-ல் முதல் ஆர்.எஸ். இந்தியாவுக்கு வந்தது. 1.8 லிட்டர் டர்போ பெட்ரோல், 150 குதிரைத்திறன், கையால் போடும் ஐந்து கியர். பெட்ரோல் காரில் டர்போ என்பதே இங்கே அபூர்வமாக இருந்த காலம். அப்போது நம்மாள் சொன்னதற்கு டீ மாஸ்டரே சாட்சி: “டர்போவெல்லாம் லாரிக்குங்க. காருக்கு எதுக்கு?”

2011-ல் அடுத்த ஆர்.எஸ். லாரா என்ற பெயரில் வந்தது. 160 குதிரை, ஆறு கியர். உடனே 2004 வண்டி தெய்வமாகிவிட்டது. “அந்த டர்போ ஒரு நொடி யோசிக்கும். அப்பறம் எந்திரிச்சு ஒரு தள்ளு தள்ளும் பாருங்க, அதுதானுங்க வண்டி!” 2017-ல் ஆர்.எஸ். 230 வந்தது. பெயரிலேயே குதிரைக் கணக்கு. முதலில் 500 வண்டிகள்தான் ஒதுக்கினார்கள். கியரை வண்டியே மாற்றிக்கொள்ளும். “கடவுள் எனக்குக் கை குடுத்திருக்கறானுங்க” என்று சொல்லி, ஆறு வருடமாகத் திரும்பிப் பார்க்காத லாராவைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டார். 2020-ல் 245. மொத்தமே 200 வண்டி, விலை 36 லட்சத்தை ஒட்டி. அன்றிலிருந்து 230-தான் ‘கடைசி அசல் ஆர்.எஸ்.’ 2025 அக்டோபரில் 265 குதிரையோடு இப்போதைய வண்டி வந்தது. இந்த முறை 100 மட்டும். ஐம்பது லட்சத்துக்கு ஆயிரம் ரூபாய்தான் குறைவு. அத்தனையும் புக்கிங் திறந்த சூட்டிலேயே தீர்ந்துபோனது. நம்மாள் அன்றே 245-ஐ நினைத்துப் பெருமூச்சு விட ஆரம்பித்துவிட்டார்.

புதுசில் என்ன குறை என்று கேட்டால் போச்சு. “ஏசியைக் கூட்டறதுக்கு டிவிக்குள்ள போய் தேடோணுமுங்க” என்று தொடங்குவார். 13 அங்குலத் திரையைத்தான் டிவி என்கிறார். அப்புறம் கணக்குப் பாடம். பூஜ்யத்திலிருந்து நூறு கிலோமீட்டர் வேகத்துக்கு, கம்பெனி சொல்கிறபடி, 230-க்கு 6.8 விநாடி, 245-க்கு 6.6, இப்போதையதற்கு 6.4. “எட்டு வருசத்துல பாயிண்ட் நாலு செகண்டுங்க. விலை ஏறுனது இருபத்தஞ்சு லட்சம். அப்படின்னா பாயிண்ட் ஒரு செகண்டுக்கு ஆறேகால் லட்சம். ஒரு தும்மல் போட நேரம் பத்தாதுங்க!” நானும் போட்டுப் பார்த்தேன், கணக்கு சரிதான். புது வண்டி வந்த அதே மாதம் திறந்த பத்து கிலோமீட்டர் ஜி.டி. நாயுடு மேம்பாலத்தில்கூட அவர் நூறைத் தொட்டதில்லை என்பது வேறு விஷயம்.

சரி, பழசையே வாங்கிவிடலாமே? அதற்கும் பதில் உண்டு. “இருபது பர்சென்ட் எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய வண்டி ஹோஸுக்கு ஒத்துக்குமா, சொல்லுங்க?”

என் தங்கை வீட்டுக்காரர் 230-ஆ, 245-ஆ என்று குழம்பிக்கொண்டிருந்தபோது, நம்மாளையே கூட்டிப் போனோம். செகண்ட்ஹேண்ட் யார்டில் ஒரு சிவப்பு 230 நின்றது. அவர் பெயின்டைப் பார்க்கவே இல்லை. நேராக உள்ளே போய் சீட் பெல்ட்டைக் கடைசி அங்குலம் வரை உருவினார். “அடியில மண் கறை இருந்தா வெள்ளத்துல நின்ன வண்டிங்க மாப்ள. சீட்டை மாத்துவாங்க, கார்பெட்டை மாத்துவாங்க, பெல்ட்டை மறந்துருவாங்க.” கறை இல்லை. அடுத்து டயர் பக்கவாட்டில் நான்கு இலக்கம்: 3521. “2021-ஆம் வருசம், 35-ஆவது வாரம். 2018 வண்டியில ஒரிஜினல் டயருன்னு சொன்னீங்களேப்பா?” புரோக்கர் தம்பி தலையைச் சொறிந்தான். பானட் கீல் போல்ட்டுகளில் ஸ்பேனர் பட்ட தடம் இருக்கிறதா என்று டார்ச் அடித்தார். சட்டைப் பையிலிருந்து தீப்பெட்டி அளவு ஸ்கேனர் ஒன்றை எடுத்து, ஸ்டியரிங் அடியில் குனிந்து சொருகினார். போனில் வந்ததைப் படித்தார். ஒரு மணி நேரம் ஆயிற்று. ஒரு நல்ல டாக்டரைப் பார்க்கிற மரியாதை அப்போது எனக்கு வந்தது, பொய் சொல்லவில்லை.

“வண்டி சுத்தமுங்க” என்றார். தம்பி முகம் மலர்ந்தது. “ஆனா 245-ல ஏழு கியரு. இதுல ஆறுதானுங்களே.”

மறு ஞாயிறு 245 ஒன்றைத் தேடிப் பிடித்துக் காட்டினோம். அதே பெல்ட், அதே டார்ச், அதே ஸ்கேனர். அதுவும் சுத்தம். “நல்ல வண்டிதானுங்க மாப்ள. ஆனா நம்மூரு ரோட்டுக்கு எதுக்குங்க ஏழு கியரு? அந்தச் சிவப்பு 230 இன்னும் இருக்குதான்னு கேளுங்க.” இல்லை. புதன்கிழமையே வேறு யாரோ ஓட்டிக்கொண்டு போயிருந்தார்கள். அதன்பிறகு அந்தச் சிவப்பு வண்டியைப் பற்றி அவர் பேசாத நாள் இல்லை.

இத்தனை பேசுகிறவர் தாம் ஓட்டுவது 2013 ஸ்விஃப்ட் டீசல். அதைத் துடைக்கும்போதும், “இதுக்கு முந்தின ஸ்விஃப்ட்டுதாங்க ஸ்விஃப்ட்டு” என்பார். ஒருநாள் அவர் வீட்டுக்குப் போனபோது அவர் மனைவி காபி கொண்டுவந்து வைத்துவிட்டுச் சொன்னார்: “பொண்ணு பாக்க வந்தப்பவும் இப்படித்தானுங்க தம்பி. எங்க அக்காவைப் பத்தித்தான் விசாரிச்சாரு. அவளுக்கு அப்பவே ரெண்டு குழந்தைங்க.” நம்மாள் மறுக்கவில்லை. காபி நன்றாக இருக்கிறதா என்று என்னைக் கேட்டார்.

ஒரு விஷயத்தில் அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. லாராவுக்குப் பிறகு இங்கே வந்த எந்த ஆர்.எஸ்.ஸிலும் கை கியர் கிடையாது. இடது கால் கிளட்சில், இடது கை கியரில் என்று ஓட்டிப் பழகியவனுக்கு, 265 குதிரை வந்தாலும் கைக்கு வேலை போனது போனதுதான். ஆனால் லாரா ஷோரூமில் நின்ற நாளில் அவர் ஏன் வாங்கவில்லை என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அன்றைக்கு அவர் 2004 வண்டி தேடிக்கொண்டிருந்தார்.

பழசா புதுசா என்று நீங்களும் குழம்பிக்கொண்டிருந்தால், சர்வீஸ் பில்லெல்லாம் வரிசையாக இருக்கிற வண்டியாகப் பார்த்து வாங்குங்கள், எந்த வருடமானாலும் சரி. சீட் பெல்ட்டை உருவிப் பார்க்க நம்மாளைத் தாராளமாகக் கூட்டிப் போங்கள், அவரைப் போலப் பார்க்க ஆள் கிடையாது. “வண்டி சுத்தமுங்க” என்று அவர் சொன்னதும், அடுத்த வாக்கியம் வருவதற்குள் அட்வான்ஸைக் கொடுத்துவிடுங்கள்.